மூன்றாவது குழி

திங்கள் காலை, ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில்
என் காடி நடுங்கியது.
பின்சீட்டில் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர்.
"ஆன்ட்டி, காடி விக்குது"
என்றாள் கடைக்குட்டி ஷர்வேஷினி.
விக்கல்தான்.
மூன்று துடிப்பு, ஒரு வெற்றிடம்.
மூன்று துடிப்பு, ஒரு வெற்றிடம்.
மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே வந்தது
கிரீன் லேன் வரைக்கும்.

பட்டறைக்காரர் போனிலேயே தீர்ப்பு எழுதினார்:
காயில் போச்சு. இருநூற்று இருபது வெள்ளி. கூலி தனி.
ஒரு பிள்ளையின் இரண்டு மாதச் சவாரி அது.
நானே பார்த்துக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிளாட்டின் கீழே, பத்து மணி வெயில்.
பானட்டைத் தூக்கினால்
கண் கூசுகிறது.
பதினாறு வருடத்து மைவி
வாங்கிய அன்றும் இப்படி மின்னியதில்லை.
ஹோஸ், பேட்டரி மூடி, எல்லா இடுக்கும்
பல் தேய்த்த மாதிரி.

மூன்று வாரம் இரவல் ஓட்டிய தம்பி
சனிக்கிழமை ராத்திரி
சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு
மேலே ஏறாமல் போய்விட்டான்.
ஏறாததற்குக் காரணம் உண்டு.
அதற்கு முந்தின வாரம்
நாங்கள் பேசியது கொஞ்சநஞ்சமல்ல.

பத்தாம் நம்பர் ஸ்பானர். ஒரு போல்ட்டு.
காயிலை லேசாக முறுக்கி இழுத்தால்
'பொப்' என்று வந்துவிடும்.
முதல் குழியில் காய்ந்த இருட்டு.
இரண்டாவதிலும் அதுவே.
மூன்றாவதில் போன் வெளிச்சத்தை இறக்கினேன்,
ஆழத்திலிருந்து ஒரு கண்
என்னைத் திரும்பிப் பார்த்தது.

தண்ணீர்.
பிளக்கின் வெள்ளைக் கழுத்து மூழ்கும் அளவு.
பொறி உள்ளே போகாமல்
ஈரத்தில் வழுக்கி
இரும்பில் விழுந்து செத்துக்கொண்டிருக்கிறது.

கை உடனே பிளக்கைத் திருகப் பரபரத்தது.
கூடாது.
இப்போது திருகினால்
நிற்பதெல்லாம் உள்ளே இறங்கிவிடும்.
முதலில் வற்ற வேண்டும்.

தரைவீட்டு சியூ லான்
மீ சாப்பிடும் குச்சி இரண்டு கொடுத்தாள்,
பழைய டீ-சட்டை கொடுத்தாள்,
ஜன்னல் வழியாக வயர் இழுத்து
தலைமுடி காய வைக்கும் மெஷினையும் கொடுத்தாள்.
மலாயில் கேட்டாள்:
காடிக்குமா தலைக்கு ஊத்தினே?

குச்சியில் துணி சுற்றி, இறக்கி, எடுத்து,
பிழிந்து, இறக்கி, எடுத்து.
ஏழாவது தடவை விரலை மோந்து பார்த்தேன்.
எலுமிச்சை.
பாத்திரம் கழுவும் சோப்பு.
கார் வாஷ் கடையில் பத்து வெள்ளி கொடுத்திருக்கவில்லை அவன்.
வீட்டு ஸ்பாஞ்ச். வீட்டு வாளி.
மேலே பைப்பைத் திருப்பிவிட்டு,
எங்கே ஊற்றக்கூடாதோ அங்கேயும்,
குனிந்து குனிந்து.

சூடான காற்று அரை மணி நேரம்.
அது ஊதுகிற நேரத்தில்
சும்மா, ஒரு சந்தேகத்துக்கு,
நாலாவது காயிலையும் உருவினேன்.
ரப்பர் முனையில் கறுப்பாகப் பிசுபிசுப்பு.
இது தண்ணீர் அல்ல. எண்ணெய்.
மேல்மூடியின் சீல் காய்ந்து
சொட்டுச் சொட்டாக, வருடக் கணக்கில்.
போன தடவை எண்ணெய் மாற்றும்போதே சொன்னார்கள்,
அப்புறம் பார்க்கலாம் என்றேன்.
அதற்கு முந்தின தடவையும்.

தண்ணீர் அவனுடையது.
எண்ணெய் என்னுடையது.

துடைத்தேன், மாட்டினேன், சாவியைத் திருப்பினேன்.
நாலு துடிப்பு.
கொஞ்சம் எலுமிச்சை வாசத்தோடு புகை.
சியூ லான் ஜன்னலிலிருந்து கைதட்டிவிட்டு
மெஷினைத் திருப்பிக் கேட்டாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி
போன் போட்டேன்.
ஆறு மணி அடித்த பிறகு எடுத்தான்.
"ம்."
"காடி சுத்தமா இருக்கு."
"ம்."
"மேல்மூடி சீல் மாத்தணும். வர்ற வெள்ளிக்கிழமை."
அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் போகும் சத்தம்.
"வரும்போது பத்தாம் நம்பர் ஸ்பானர் எடுத்துட்டு வா" என்றேன்,
"என்கிட்ட இல்ல."

மடியில் கிடந்தது அது,
வெயிலில் இன்னும் சூடாக.